கழுவாத மெஷினும் கருப்பு நெல்லும்

முதலில் குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். ஓர் அறுவடை மெஷினின் உட்புறத்தைக் கழுவாமலே கழுவிவிட்டதாகச் சொன்னேன். அந்தப் பொய் வெளியே வரும்போல் இருந்தபோது, அதை மூட இன்னொரு பொய் சொன்னேன். முதல் பொய்யில் ஒருவருடைய விதைநெல் கெட்டது. இரண்டாவதில் இன்னொருவருடைய வேலை போனது. எனக்கு மட்டும் தொழில் பெருகியது.

தஞ்சாவூர்ப் பக்கம் புதிதாக, தண்ணீரை வேகமாக அடித்துக் கழுவும் வாட்டர் சர்வீஸ் தொழிலில் இறங்கியிருக்கும் உங்களில் சிலர், கையில் அதிகப் பணமில்லாமல் இதை எப்படி வளர்ப்பது என்று என்னிடம் கேட்டீர்கள். எந்த மோட்டார் நல்லது, எந்த ஹோஸ் வெடிக்காது என்பதையெல்லாம் கடைக்காரரே சொல்லிவிடுவார். சொல்லாவிட்டாலும் ஹோஸ் வெடிக்கும்போது தெரிந்துகொள்வீர்கள். அவர் சொல்லாததை மட்டும் எழுதுகிறேன்.

நான் வேதியியலில் எம்.எஸ்ஸி. படித்தவன். பூச்சிமருந்துக் கம்பெனி ஒன்றில் விற்பனைப் பிரதிநிதியாக இருந்தேன். கம்பெனியை மூடிவிட்டார்கள். அந்த வயதில் எனக்கு வேறு எந்தக் கம்பெனியும் கதவைத் திறக்கத் தயாராக இல்லை. திருவையாறு சாலையில் ஒரு வண்டி கழுவும் ஷெட்டை எடுத்துவிடப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டு, அங்கிருந்த பழைய மெஷினை வாங்கினேன். அது தண்ணீரைப் பாய்ச்சுவதற்கு முன்னால் கொஞ்ச நேரம் இருமும். என் மனைவி வசந்தா அதைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "இதை வச்சு மத்தவங்க வீட்டைக் கழுவறதுக்கு முன்னாடி, இதை ஒருதடவை கழுவுங்க" என்றாள்.

சொந்த வண்டி வாங்கவில்லை. வேலை கிடைத்த நாளில் மட்டும் குட்டியானை என்கிற சின்னச் சரக்கு வண்டி ஒன்றை வாடகைக்குப் பிடித்து, மெஷினையும் தண்ணீர் டேங்கையும் ஏற்றிக்கொள்வேன். வேலை இல்லாத நாளில் செலவும் இல்லை. சிக்கனம் பற்றி எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

ஆரம்ப காலத்தில் மன்னார்குடியில் ஒரு பிரமுகர் வீட்டுச் சுற்றுச்சுவரைக் கழுவப் போனேன். அவருடைய கட்சியின் மாவட்டத் தலைவர் அன்று காலை வீட்டுக்கு வருகிறார். சுவரில் பாசி படிந்திருக்கிறது. அதன் நடுவே கட்சிச் சின்னம் பெரிதாக வரைந்திருக்கிறது. "சின்னம் பளிச்சுனு தெரியணும்" என்றார். முழு வேகத்தில் தண்ணீரை அடித்தேன். பாசி போயிற்று. கூடவே சின்னமும் போயிற்று. அதற்கு அடியிலிருந்து வேறொரு கட்சியின் சின்னம், நேற்று எழுதியதுபோல் எழுந்து வந்தது. பிரமுகர் கட்சி மாறியவர் என்பதும், சுவரைச் சுரண்டாமல் மேலேயே வண்ணம் பூசியிருந்தார் என்பதும் எனக்கு எப்படித் தெரியும்?

"என்னய்யா பண்ணி வச்சிருக்கீங்க! தலைவர் பாலத்தைத் தாண்டிட்டாருய்யா!"

"ஐயா, மூலையில கொஞ்சம் அடிச்சுப் பாத்திருக்கணும். என் தப்புதான்."

"தப்பை அப்புறம் ஒத்துக்கலாம். முதல்ல அதை மறைங்க!"

குட்டியானையைச் சுவரோடு ஒட்டி நிறுத்தினோம். சின்னத்தின் ஒரு முனை இன்னும் தெரிந்தது. அங்கே நான் நின்றேன். தலைவர் வந்தார், எல்லோரையும் கும்பிட்டார், என்னையும் கும்பிட்டார். என் கையில் தண்ணீர் அடிக்கும் கன் இருந்ததால் பதிலுக்குக் கும்பிட முடியவில்லை. அவர் உள்ளே போகும்வரை நான் அசையவில்லை. அதன் பிறகு எந்தச் சுவராக இருந்தாலும் மூலையில் ஒரு சாண் இடத்தில் அடித்துப் பார்க்காமல் தொடங்கியதில்லை. நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

அன்றைக்கு என் தவறை உடனே ஒத்துக்கொண்டேன் என்று பெருமையாக நினைத்துக்கொண்டிருந்தேன். சுவர் தெருவைப் பார்த்து நின்றது. எல்லோருக்கும் தெரிவதை ஒத்துக்கொள்ள எந்த நேர்மையும் தேவையில்லை. அறுவடை மெஷினின் உட்புறம் யாருக்கும் தெரியாது. அங்கேதான் நான் எப்படிப்பட்டவன் என்பது தெரிந்தது.

சம்பா அறுவடைக்கு ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து மெஷின்கள் வரும் என்பது உங்களுக்குத் தெரியும். முதலாளி ஊரிலேயே இருப்பார். டிரைவர் மெஷினோடு வந்து சீசன் முழுக்க இங்கேயே தங்குவார். அப்படி வந்த ஒருவர் செல்வம். ஒல்லியான மனிதர். மெஷினைப் பற்றிப் பேசும்போது "இவன்" என்றுதான் சொல்வார். "இவனுக்கு இன்னைக்கி இருமலுங்க சார்" என்பார். என் மெஷினும் இருமுவதால் எங்களுக்குள் பேச்சு சுலபமாக ஒட்டிக்கொண்டது.

மன்னார்குடியில் ஹார்டுவேர் கடை வைத்திருந்த ஜமால் பாய், பல வருடம் வளைகுடாவில் இருந்துவிட்டுத் திரும்பி, ஊருக்கு வெளியே நிலம் வாங்கி விதைநெல் பயிரிட்டார். விதைநெல்லில் வேறு ரகம் கலக்கக் கூடாது. கலந்த பயிருக்குக் கலவன் என்று பெயர். பாய் அந்தச் சொல்லை, வீட்டுக்குள் பாம்பு வந்துவிட்டது என்று சொல்லும் குரலில்தான் சொல்வார். செல்வத்தின் மெஷின் அதற்கு முன்பு கருங்குறுவை என்ற பழைய ரகம் அறுத்த வயலிலிருந்து வந்திருந்தது. கருங்குறுவையின் உமி கருப்பு. அந்த நெல் மெஷினுக்குள்ளே சல்லடையிலும், நெல்லை மேலே ஏற்றும் குழாயிலும் தங்கியிருக்கும். ஆகவே உள்ளும் புறமும் கழுவாமல் மெஷின் தன் வரப்பைத் தாண்டக் கூடாது என்று சொல்லிவிட்டு, பாய் என்னைக் கூப்பிட்டார்.

பாயின் கண்ணுக்கு எட்டாத தூரத்தில் ரோட்டோரம் மெஷினை நிறுத்தி, வெளிப்புறத்தைக் கழுவினேன். செயினில் அப்பியிருந்த சேறு பாளம் பாளமாக விழுந்தது. மெஷின் கல்யாணப் பெண்போல் ஜொலித்தது. உட்புறத்தைக் கழுவ, அடிப்பக்கத் தகடுகளை ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டும். முதல் போல்ட்டில் கை வைத்தபோது போன் வந்தது. தஞ்சாவூரில் ஒரு கல்யாண மண்டபத்தின் மேனேஜர். சமையல்கட்டுத் தரை எண்ணெய்ப் பிசுக்கு, சாயங்காலம் வேறொரு பார்ட்டி வருகிறது, உடனே வந்தால் மாதாமாதம் வேலை நிச்சயம் என்றார்.

மாதாமாதம் என்ற சொல் என்னை என்ன செய்தது என்பதைப் புதிதாகத் தொழில் தொடங்கியவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

போல்ட்டைத் திரும்ப முறுக்கினேன். எனக்கு டீ வாங்கிவரப் போயிருந்த செல்வம் அப்போதுதான் தூக்குப் பாத்திரத்தோடு வந்தார்.

"உள்ளார அடிச்சாச்சுங்களா சார்?"

"அடிச்சாச்சு."

"அதுக்குள்ளயா?"

"பிரஷர் இருக்குல்ல, செல்வம். நிமிஷத்துல முடிஞ்சிரும்."

"படிச்சவங்க வேலையே தனிதாங்க" என்றார். நான் டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பினேன்.

மண்டபத்துச் சமையல்கட்டில் நின்றிருந்தபோது பாய் போன் செய்தார். அறுத்து மெஷினில் சேர்ந்த முதல் டேங்க் நெல்லைத் தார்ப்பாயில் கொட்டியிருக்கிறார்கள்.

"சார், தயிர் சாதத்துல கடுகு தாளிச்ச மாதிரி இருக்கு சார்! ஒரு பக்கம் பாத்தா கடுகு, இன்னொரு பக்கம் பாத்தாலும் கடுகு! நீங்க உள்ள கழுவுனீங்களா இல்லியா?"

இந்த இடத்தில் ஒரு மனிதன் யோசிக்க வேண்டும். நான் யோசிக்கவில்லை. என் வாய் என்னைவிட வேகமாக இருந்தது.

"நான் கழுவிதான் பாய் குடுத்தேன். நான் வந்ததுக்கப்புறம் வண்டி எங்க போச்சோ, எனக்குத் தெரியாது."

பாய் மெதுவாக, "ஓ... அப்படியா சேதி" என்றார்.

என்ன சொன்னேன் என்று உங்களுக்குப் புரிந்திருக்கும். இடைப்பட்ட நேரத்தில் செல்வம் முதலாளிக்குத் தெரியாமல் வேறொரு வயலில் கள்ளத்தனமாக அறுத்துச் சம்பாதித்துவிட்டு வந்திருக்கிறார் என்று சொல்லாமல் சொன்னேன். மெஷின் தொழிலில் ஒரு டிரைவர்மேல் வைக்கக்கூடிய மிகப் பெரிய பழி அதுதான். பாய் ஆத்தூருக்குப் பேசினார். மறுநாள் முதலாளியின் மைத்துனன் பஸ்ஸில் வந்து இறங்கி மெஷின் சாவியை வாங்கிக்கொண்டான். செல்வம், "சார்கிட்ட கேளுங்க, சார்கிட்ட கேளுங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தாராம். சார் போனை எடுக்கவில்லை.

பாயின் நெல்லை விதைச் சான்று அதிகாரி ஒரு கைப்பிடி அள்ளிப் பார்த்துவிட்டுத் திரும்பக் கொட்டினார். அது சாதாரண நெல்லாக விலை போயிற்று.

இதற்குப் பிறகு நடந்ததுதான் வேடிக்கை. பாய் போகிற இடமெல்லாம் என்னைப் புகழ்ந்தார். "சார் தங்கமான மனுஷன். பாவம், அந்த டிரைவர் அவரையும் சேத்துக் கவுத்துட்டான்." அவருடைய கடைக்கு ஆணி வாங்க வந்தவர்கள் என் நம்பரையும் வாங்கிக்கொண்டு போனார்கள். அரிசி ஆலைக் களம், பள்ளிவாசல் முற்றம், வெளிநாட்டில் இருப்பவர்கள் பூட்டி வைத்த வீடுகள் என்று வேலை குவிந்தது. இருமல் இல்லாத புது மெஷின் வாங்கினேன். குறைந்த செலவில் விளம்பரம் செய்வது எப்படி என்று கேட்டீர்களே, நான் செய்த விளம்பரம் இதுதான். எனக்கு ஒரு பைசா செலவில்லை.

வசந்தாவுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. பாயிடமிருந்து போன் வந்தால் நான் கொல்லைப்புறம் போய்ப் பேசுவதைக் கவனித்திருக்கிறாள். "அந்த மனுஷன் உங்களைப் பாராட்டறப்பல்லாம் ஏன் பல்லு வலி வந்தவர் மாதிரி நிக்கறீங்க?" என்று கேட்டாள். பித்தம் என்றேன். சுக்குக் கஷாயம் வைத்துக் கொடுத்தாள். பாய் அடிக்கடி பாராட்டியதால் அடிக்கடி குடிக்க வேண்டியிருந்தது.

அடுத்த சம்பாவில், மார்கழி மாதம், பாயின் வயலுக்குப் பக்கத்தில் ஒரு டிராக்டர் கழுவப் போயிருந்தேன். பாய் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வயலின் நடுவில் குனிந்திருந்தார். போன வருடம் மெஷினிலிருந்து உதிர்ந்த கருங்குறுவை முளைத்து, மற்ற பயிருக்கு முன்பாகவே கதிர் வாங்கித் தலையை நீட்டிக்கொண்டு நின்றது. அதை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டிருந்தார்.

"வாங்க சார்! இதப் பாத்தீங்களா? அந்தச் செல்வம் விதைச்சிட்டுப் போன பயிரு!"

அந்த வாக்கியத்தை என்னால் தாங்க முடியவில்லை. செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு வயலில் இறங்கினேன். பாய்க்கு அருகில் போய்ச் சொல்ல வேண்டும் என்பது எண்ணம். பாதி தூரத்திலேயே வலது கால் முழங்கால்வரை சேற்றில் இறங்கி மாட்டிக்கொண்டது. ஆகவே அங்கே நின்றே சத்தமாகச் சொல்ல வேண்டியதாயிற்று.

"பாய்! அது செல்வம் விதைச்சதில்ல! நான் உள்ள கழுவவே இல்ல! பொய் சொன்னேன்! வண்டி எங்கயும் போகல!"

அக்கம்பக்கத்து வரப்புகளில் இருந்தவர்களெல்லாம் நிமிர்ந்து பார்த்தார்கள். பாய் கையிலிருந்த கலவன் கட்டோடு நிமிர்ந்தார்.

"நீங்க எம்.எஸ்ஸி. தானே சார்?"

"ஆமா பாய்."

"நல்லா படிச்சிருக்கீங்க."

திரும்பி மறு வரப்பில் ஏறிப் போய்விட்டார். என் கால் சேற்றிலேயே இருந்தது. கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பி வந்தார். கைகொடுக்கத்தான் வருகிறார் என்று நினைத்தேன். அவர் என் கையில் ஒரு சாக்கைக் கொடுத்தார். "நின்ன இடத்துலேர்ந்து ஆரம்பிங்க" என்றார். அன்று மாலைவரை கலவன் பிடுங்கினேன். பாதிக்கு மேல் நல்ல பயிரைப் பிடுங்கியிருக்கிறேன் என்று பாய் கண்டுபிடித்ததும் என்னை வரப்பில் உட்கார வைத்துவிட்டார். "சார், நீங்க திருத்தறதும் எனக்கு நஷ்டமாத்தான் இருக்கு" என்றார். அதைச் சொல்லும்போது அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உடனே அடக்கிக்கொண்டார். "எனக்கு நெல்லு போச்சு, வருஷா வருஷம் நெல்லு வெளையும். அவனுக்கு என்ன செய்யப் போறீங்க?"

ஆத்தூருக்குப் போனேன். விசாரித்துக்கொண்டே போய், ஒரு ஜவ்வரிசி ஆலையில் செல்வத்தைக் கண்டேன். மரவள்ளிக் கிழங்கு மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார். கள்ளத்தனமாக அறுத்தவன் என்று பெயர் வந்த பிறகு யாரும் அவருக்கு மெஷின் கொடுக்கவில்லை. என்னைப் பார்த்ததும் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "வாங்க சார்" என்றார். அந்த மரியாதை எனக்கு அறையாகவே விழுந்தது.

நடந்ததைச் சொன்னேன். மன்னிப்புக் கேட்டேன். ஒரு கவரையும் நீட்டினேன். அவர் கவரைப் பார்க்கவே இல்லை.

"எனக்கு அது வேண்டாமுங்க. இத எங்க பழைய ஓனருகிட்டச் சொல்லுங்க. என் முன்னால சொல்லுங்க. ஸ்பீக்கர்ல போடுங்க."

போட்டேன். முதலாளி பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரிங்க, புரியுது. ஆனா இப்ப வண்டி என் மச்சான் ஓட்டறானுங்க. அவன இறக்குனா எம் பொண்டாட்டி என்னிய வீட்ட விட்டு இறக்கிப்புடுவா" என்றார்.

செல்வம் போனை அணைத்து என்னிடம் கொடுத்தார். "அவரு ஒருத்தருதான இப்பக் கேட்டாரு? திருடன்னு கேட்டவங்க எத்தன பேரு?" என்றார். பிறகு மூட்டை இறக்கப் போய்விட்டார்.

மெஷின் முதலாளிகள், புரோக்கர்கள், டிரைவர்கள், விவசாயிகள் எல்லோரும் இருந்த ஒரு வாட்ஸ்அப் குழுவில் நானும் இருந்தேன். வீட்டுக்கு வந்து வசந்தாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் திட்டவில்லை. "இவ்வளவு நாளா நான் வச்சுக் கொடுத்த கஷாயமெல்லாம் வேஸ்ட்டா?" என்று மட்டும் கேட்டாள். பிறகு எதிரில் உட்கார்ந்து, குழுவுக்கு நான் பேசிப் பதிவு செய்ததைக் கேட்டாள்.

"என்னது இது? 'எதிர்பாராத விதமாக ஏற்பட்ட ஒரு தவறான புரிதல்'? யாருக்குத் தவறான புரிதல்? உங்களுக்கு நல்லாப் புரிஞ்சுதானே சொன்னீங்க?"

மறுபடி பேசினேன்.

"இது தீபாவளி வாழ்த்து மாதிரி இருக்கு. 'நான் பொய் சொன்னேன், செல்வம் திருடல.' இதுக்கு மேல ஒரு வார்த்தை வேணாம்."

அப்படியே அனுப்பினேன். முதலில் ஒருவர் கட்டைவிரலை உயர்த்தினார். இன்னொருவர் இரண்டு கைகூப்பிய படங்கள் அனுப்பினார். சரியாகக் கேட்காத ஒருவர், "ஆழ்ந்த இரங்கல்" என்றார். அதற்குப் பிறகு கெட்டவார்த்தைகள் வந்தன. அவை சரியாகக் கேட்டவர்கள் அனுப்பியவை.

வேலை பாதியாகக் குறைந்தது. கல்யாண மண்டபத்து மேனேஜரும் கழன்றுகொண்டார். அவருக்கும் விவசாயத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். "சமையல்கட்டுல அலமாரிக்கு அடியிலயும் கழுவுனீங்களான்னு எனக்கும் இப்ப சந்தேகம் வருது சார்" என்றார். கழுவியிருந்தேன். ஆனால் அதைச் சொல்லும் தகுதி என்னிடம் இல்லை. எஞ்சியிருந்த வாடிக்கையாளர்கள் தகடுகளைக் கழற்ற வைத்து, உள்ளே போட்டோ எடுத்துக் காட்டிய பிறகே பணம் கொடுத்தார்கள். நீங்கள் இன்று இதை ஒரு நல்ல வழக்கமாக நினைத்து, யாரும் கேட்காமலே போட்டோ அனுப்புகிறீர்கள். அது எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிந்துகொள்ளுங்கள்.

அந்தக் குழுவில் அதைக் கேட்ட ஒரு புரோக்கர், டிரைவர் கிடைக்காமல் நின்றிருந்த வேறொரு முதலாளியின் மெஷினுக்குச் செல்வத்தைச் சேர்த்துவிட்டார். மாசியில் அந்த மெஷின் ஜமால் பாயின் வரப்பில் வந்து நின்றது. கழுவ என்னைத்தான் கூப்பிட வேண்டும் என்று செல்வம் சொன்னாராம். பாய்க்கு ஆச்சரியம். "வேற ஆளே இல்லியா?" என்று கேட்டிருக்கிறார். "இல்லைங்க, அவருதான் வேணும்" என்று செல்வம் சொல்லியிருக்கிறார்.

எல்லாத் தகடுகளையும் செல்வமே கழற்றி வைத்திருந்தார். கழுவினேன். அவர் டார்ச்சை உள்ளே அடித்துப் பார்த்தார்.

"இன்னொருக்கா."

கழுவினேன். தலையை உள்ளே விட்டுப் பார்த்தார்.

"இன்னொருக்கா."

டேங்க் தண்ணீர் தீர்ந்து, வாய்க்காலிலிருந்து மொண்டு நிரப்பிக்கொண்டு மறுபடி கழுவினேன். இடுப்பு கழன்றுவிடும்போல் இருந்தது. அவர் விரலால் குழாயின் உட்புறத்தைத் தடவிப் பார்த்துவிட்டுத் தகடுகளை மாட்டினார்.

முதல் டேங்க் நெல்லைத் தார்ப்பாயில் கொட்டினார்கள். பாய் முழங்காலிட்டு இரண்டு கையாலும் அளைந்தார். பக்கத்து வயல்காரர்கள் சுற்றி நின்றார்கள். நெல் பொன்னாக இருந்தது. திடீரென்று பாயின் கை நின்றது. குவியலிலிருந்து எதையோ எடுத்து உள்ளங்கையில் வைத்தார். கருப்பாக, சின்னதாக, நெல்லளவு இருந்தது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். செல்வம் சீட்டிலிருந்து எழுந்து நின்றார்.

கழுவினேன் என்று நான் சொன்னால் அங்கே யார் நம்புவார்கள்?

பாய் அதைக் கண்ணருகே கொண்டுபோனார். அது அவருடைய கட்டைவிரலை நோக்கி நடக்க ஆரம்பித்தது.

"அல்லா! வண்டுடா!" என்று பாய் கையை உதறினார். சுற்றி நின்றவர்கள் சிரித்த சிரிப்பில் வரப்பிலிருந்து ஒருவர் வாய்க்காலில் விழுந்தார். பாய் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சார், மூச்ச விடுங்க சார், மயங்கி விழுந்துறாதீங்க" என்றார். அப்போதுதான் நான் மூச்சை அடக்கியிருந்தது எனக்கே தெரிந்தது.

செல்வம் சிரிக்கவில்லை. சீட்டில் உட்கார்ந்து மெஷினைக் கிளப்பினார். நான் ஓய்வு பெறும்வரை ஒவ்வொரு சீசனிலும் அவர் மெஷினை நான்தான் கழுவினேன். கூலியைக் கையில் கொடுத்துவிடுவார். நான் வாங்கிக் கொடுத்த டீயை ஒருநாளும் அவர் குடித்ததில்லை. மன்னித்தாரா என்று நானும் கேட்கவில்லை.

அன்று மெஷின் அடுத்த சுற்றுக்குத் திரும்ப வேண்டியிருந்தது. நான் குறுக்கே நின்றிருந்தேன். செல்வம் மேலிருந்து குனிந்து பார்த்தார்.

"சார், ஓரமா நில்லுங்க" என்றார்.

நின்றேன்.